பல் பட்ட கை

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவருக்கு வேலை. அவரிடம் கற்றுக்கொண்டவர்களுக்கு அவர் பிரேக் சார். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் பதறிப்போய் எதை மிதிப்பது என்று தெரியாமல் தடுமாறும்போது, அவர் தன் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்துவார். பிறகு, "ஒண்ணும் ஆகல. திரும்ப எடுங்க" என்பார். எதிரே வந்த லாரி மூக்கை உரசிக்கொண்டு போயிருந்தாலும் அதே குரல்தான். அவர் உடம்பில் ரத்தத்துக்குப் பதில் பச்சைத் தண்ணீர் ஓடுகிறது என்று பயிற்சிப் பள்ளி முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தைரியமில்லாதவர்களை அவரிடம்தான் தள்ளிவிடுவார்.

ஆனால் அவர் பிறவியிலேயே அப்படி இல்லை. கல்யாணமான புதிதில் சின்ன விஷயத்துக்கெல்லாம் முணுக்கென்று கோபம் வரும். வந்த வேகத்தில் போய்விடும். மனைவி தபால் நிலையத்தில் கவுண்ட்டரில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க ஊராரின் அவசரத்தையும் எரிச்சலையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து வாங்கிக்கொண்டு வருகிறவளுக்கு இவருடைய கோபம் எந்த மூலைக்கு? "முடிஞ்சுதா? கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த ஆளுக்கு வழி விடுங்க" என்பாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். குழந்தை இல்லை. இல்லையே என்று சில வருடங்கள் வருத்தப்பட்டார்கள், பிறகு அந்தப் பேச்சே வீட்டில் இல்லாமல் போயிற்று. இருவருமாகச் சேர்ந்து சிரித்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள்.

அவளுக்கு ஐம்பது கூட ஆகவில்லை, மறதி ஆரம்பித்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. வேறு பஸ்ஸில் ஏறி வேறு பேட்டையில் இறங்கி, அங்கிருந்து ஃபோன் செய்தாள். அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். பிறகு ஒரு நாள், பணம் அனுப்ப வந்த ஒருவர் கவுண்ட்டருக்கு வெளியே நிற்க, அவள் கையிலிருந்த முத்திரையை எதற்கென்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். கூட வேலை பார்க்கிறவள் வந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அதற்கப்புறம் ஸ்கேன், பெரிய டாக்டர், அதைவிடப் பெரிய டாக்டர். எல்லோரும் ஒரே பதிலைத்தான் வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள்.

ஆரம்பத்தில் அவர் அழுதார். வீட்டில் அழ முடியாது என்பதால் காரைச் சந்துக்குள் நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுவார். அந்த அழுகை எப்போது நின்றதென்று அவருக்கே தெரியாது. ஒரு நாள் அதே சந்தில் அதே மாதிரி நிறுத்திவிட்டு உட்கார்ந்தார், ஒன்றும் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதிலிருந்து எல்லாமே அப்படித்தான். சாப்பாட்டில் உப்பு கூடியோ குறைந்தோ இருந்தால் தட்டு காலியான பிறகுதான் உறைக்கும். யாராவது நல்ல செய்தி சொன்னால், சந்தோஷப்பட வேண்டும் என்று நினைவுபடுத்திக்கொண்டு முகத்தை மாற்றிக்கொள்வார்.

அன்று காலை அவளைக் குளிப்பாட்டித் துவட்டி, நாற்காலியில் உட்காரவைத்து மேல்சட்டை போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கை நுழைந்துவிட்டது. இரண்டாவது கையை அவள் மடக்கி வைத்துக்கொண்டாள். அவர் மெதுவாக நிமிர்த்தி, சட்டைக்கைக்குள் தன் கையை விட்டு அவள் விரல்களைப் பிடித்து இழுத்தார். இது தினமும் நடப்பதுதான். ஆனால் அன்று அவள் குனிந்து, அவருடைய இன்னொரு கையைக் கட்டைவிரலுக்குக் கீழே சதையாக இருக்கிற இடத்தில் பற்றிக் கடித்தாள். வெடுக்கென்று கடித்துவிட்டு விடவில்லை. பல்லை இறுக்கிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

அவர் கத்தவில்லை. கையை உருவவும் இல்லை. உருவினால் அவளுக்குப் பல் ஆடிவிடும் என்று தோன்றியது. நின்றபடியே, அவள் உச்சந்தலையில் வகிடு கோணலாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவளாகவே விட்டாள். விட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாடியில் காய்கிற துணிகளைப் பார்க்க ஆரம்பித்தாள். இரண்டாவது சட்டைக்கை இப்போது சுலபமாக நுழைந்தது. பொத்தான்களைப் போட்டு முடிக்கும்போதுதான் அவள் சட்டையில் ரத்தம் சொட்டியிருப்பதைக் கவனித்தார். யாருடையது என்று ஒரு கணம் குழம்பினார்.

குழாயைத் திறந்து கையைக் காட்டினார். மேலே ஒரு வில், கீழே ஒரு வில். நடுவில் சதை ஊதாவாகக் கன்றிப்போயிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினார். எரிந்திருக்க வேண்டும். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, அவளுக்கு வேறு சட்டை மாற்றிவிட்டார்.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வருவாள். வந்ததும் அவள் கண் நேராகக் கைக்குட்டைக்குத்தான் போயிற்று. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்றார். எந்தக் கதவு என்று கேட்டாள். குளியலறைக் கதவு என்றார். அவள் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அது பிளாஸ்டிக் கதவு. தட்டினால் நசுங்குகிற சமாசாரம். யாரிடமாவது காட்டிவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னாள்.

யாரிடம் காட்டுவது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருந்தது.

தெருமுனையில் ஒரு கிளினிக் இருக்கிறது. நடந்தே போய்விடலாம். அங்கிருக்கிற டாக்டர்தான் மனைவிக்கு மாதாமாதம் மருந்து எழுதித் தருகிறவர். நல்ல மனிதர். போன முறை போனபோது மனைவியின் தம்பியும் கூட வந்திருந்தான். டாக்டர் இருவரையும் உட்காரவைத்து, "எப்போ உங்க மேல கை ஓங்கறாங்களோ, கடிக்கறாங்களோ, அன்னைக்கே என்கிட்ட வந்துடுங்க. அதுக்கப்புறம் வீட்ல வச்சுப் பார்க்கறது ரெண்டு பேருக்குமே நல்லதில்ல" என்று சொல்லியிருந்தார். மைத்துனன் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். இம்மாதிரி நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தான். தோட்டமெல்லாம் இருக்கிறதாம். இப்போது இந்தக் கையோடு அந்தக் கிளினிக் படியேறினால் அது காயத்துக்கு மருந்து போடுவதோடு நிற்காது. பகலுக்குள் மைத்துனனுக்குச் சேதி போய்விடும்.

அவர் அவளை வீட்டிலேயேதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உறுதியாக இருந்தார் என்று சொல்ல முடியாது. அந்தக் கேள்வியைக் கையில் எடுக்கவே அவரிடம் தெம்பில்லை. இன்றைக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

அதனால் முதலில் மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் நெடுநாள் பழக்கம். மருந்து தடவி, பேண்டேஜ் சுற்றி, இரண்டு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தார். கடைக்காரர் கைக்குட்டையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னண்ணே கடிச்சுது?"

கதவு என்று சொல்ல வாயெடுத்தார். பல் தெரிகிறபோது கதவு என்று எப்படிச் சொல்வது? "நாய்" என்றார்.

அது தப்பாகப் போயிற்று. கடைக்காரர் கையை விட்டுவிட்டுப் பின்வாங்கினார். நாய்க்கடிக்கு நான் கை வைக்க மாட்டேன், இப்படியே ஊசி போட்டுக்கொள்ளப் போங்கள், ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள் என்று விரட்டாத குறையாகச் சொன்னார். "முனைல டாக்டர் இருக்காரே" என்று கையையும் காட்டினார்.

முனை டாக்டரின் கிளினிக்குக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கதவு வழியாக வரவேற்பு மேஜைக்காரப் பெண் தெரிந்தாள். அவளுக்கு இவரைத் தெரியும், இவர் மனைவியைத் தெரியும், மைத்துனனின் எண்ணும் தெரியும். காத்திருக்கிறவர்களில் இரண்டு பேர் அதே தெரு. மனைவி கடித்துவிட்டாள் என்று ஒருவன் சொன்னால் உலகத்தில் யாருக்கும் முதலில் சிரிப்புத்தான் வரும். நோயைப் பற்றிச் சொன்ன பிறகு அந்தச் சிரிப்பை விழுங்குவார்கள். அந்த இரண்டு முகத்தையும் அடுத்தடுத்துப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை. வண்டியை எடுத்துவிட்டார்.

அன்றைய முதல் வகுப்பு ஒரு பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் வேலை பார்க்கிற அம்மாவுக்கு. ஆள் கட்டுமஸ்தாக இருப்பாள், குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இத்தனைக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் குழந்தை மாதிரி நடுங்குவாள். நடுக்கம் தெரியாமலிருக்க ஓயாமல் பேசுவாள். அவள் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டதும், இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரி ரோடு என்றார். ஊருக்கு அந்தக் கோடியில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. ஒருவரையும் தெரியாது. வருகிற கூட்டத்தில் யார் யாரைக் கடித்தால் யாருக்கு என்ன?

"அவ்வளவு தூரமா? அங்க சிக்னல் நிறைய இருக்குமே சார்."

சிக்னலில் நிற்கவும் பழக வேண்டுமே என்றார். வழியில் இரண்டு இடத்தில் வண்டி அணைந்தது. ஓரிடத்தில் ஸ்டியரிங் ஒரு பக்கமாகப் போனது. வழக்கமாக அவர் கை நீட்டித் திருப்பிவிடுவார். இன்று கை எழும்பவில்லை. அப்போதுதான் அவள் கைக்குட்டையைப் பார்த்தாள். நாய் கடித்துவிட்டது, அப்படியே ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு திரும்பிவிடலாம் என்றார். அவள் தன் சித்தப்பாவை நாய் துரத்தியதில் தொடங்கி, பள்ளிக்கூட வாசலில் படுத்திருக்கிற நாய்வரை, தனக்குத் தெரிந்த அத்தனை நாய்க்கதைகளையும் சொல்லி முடிப்பதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. காரில் காத்திருங்கள் என்று சொல்லியும் கேளாமல், கைப்பையை இடுக்கிக்கொண்டு கூடவே இறங்கினாள்.

பதிவு செய்யுமிடத்தில் நாய்க்கடி என்று சொல்லிச் சீட்டு வாங்கினார். உள்ளே ஒரு நர்ஸ் நிமிராமலே கேட்டுக்கொண்டு போனாள். தெரு நாயா, வீட்டு நாயா? வீடு என்றார். ஊசி போட்ட நாயா? தெரியாது என்றார். சமையல்கார அம்மா, உங்கள் வீட்டில் நாய் இருப்பதாகச் சொன்னதே இல்லையே சார் என்றாள்.

"பத்து நாள் கவனமா பார்த்துக்கணும்" என்றாள் நர்ஸ். "ஒழுங்கா சாப்பிடுதா, தண்ணி குடிக்குதா, ஆளைத் தெரியுதான்னு பாருங்க."

"சாப்பிடும். தண்ணியும் குடிக்கும்" என்றார். பிறகு, கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கியிருக்கிறதே என்பது போல, "ஆளைத்தான் தெரியல" என்றார்.

நர்ஸ் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அவசரமாகச் சீட்டில் எதையோ எழுதி, அவரை அடுத்த அறைக்கு அனுப்பினாள். அம்மாவும் பின்னாலேயே போனாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணில் தூக்கம் இருந்தது. கைக்குட்டை காயத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததால் மருந்துத் தண்ணீரை ஊற்றி ஊறவைத்து மெல்லப் பிரித்தாள். கையை விளக்குக்கு நேராகத் திருப்பினாள். பிறகு தலையைத் தூக்கி, அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் கைப்பையோடு நின்ற அம்மாவைப் பார்த்தாள். ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாயோட பல்வரிசை இப்படி இருக்காது சார்" என்றாள். "இது மனுஷப் பல்லு."

அவர் திரும்பிப் பார்த்தார். வாய் ஓயாத அந்த அம்மா, டாக்டரின் பார்வைக்கு அர்த்தம் புரிந்து, கழுத்துவரை சிவந்து, ஒரு வார்த்தை வராமல் நின்றாள். கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் இது என்ன பாடு என்று நினைத்திருப்பாள்.

தனக்கு என்றால் அவர் அப்படியே விட்டிருப்பார். யாரோ என்னவோ நினைத்துக்கொள்ளட்டும், ஊசியைப் போட்டால் போகிறது என்று இருந்திருப்பார். ஆனால் ஒரு பாவமும் அறியாதவளை இப்படி நிற்கவைப்பது நியாயமில்லை.

"இவங்க இல்லம்மா" என்றார். "இவங்க என்கிட்ட டிரைவிங் படிக்கறவங்க. கடிச்சது என் வீட்டுக்காரி. அவளுக்கு நினைவு தப்பிப் போச்சு, அஞ்சாறு வருஷமா. சட்டை போட்டுவிடும்போது கடிச்சிட்டா. வேணும்னு பண்ணல."

சொல்லி முடித்துவிட்டு, அந்த இரண்டு முகங்களுக்காகக் காத்திருந்தார். முதலில் சிரிப்பு, பிறகு விழுங்குவது. டாக்டர் பெண் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டு, காயத்தை இன்னொரு முறை நன்றாகக் கழுவ ஆரம்பித்தாள். மனிதப் பல் பட்டால் நாய்ப் பல்லுக்குச் சளைக்காமல் சீழ் பிடிக்கும், நல்லவேளை சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறீர்கள், இதைத் தைத்து மூடக்கூடாது, திறந்தேதான் ஆற வேண்டும், மாத்திரையை நடுவில் நிறுத்தக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வேலையைச் செய்தாள். சீட்டில் நாய்க்கடி ஊசி என்றிருந்ததைக் கோடு போட்டு அடித்துவிட்டு, வேறு ஊசி எழுதினாள். கட்டைவிரலை மடக்கச் சொன்னாள், நீட்டச் சொன்னாள். பஞ்சால் விரல்நுனியைத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டாள்.

தெரியுது என்றார்.

"கடிக்கும்போது ரொம்ப வலிச்சுதா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "ஞாபகம் இல்லம்மா" என்றார்.

அவள் கையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். ராத்திரியில் தூங்குகிறீர்களா, உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாள். முதல் கேள்விக்கு ம் என்றார். இரண்டாவது கேள்வி அவருக்குச் சரியாகப் புரியவில்லை. மனைவியைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வருவதாகச் சொன்னார். டாக்டர் மறுபடி கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கட்டுப் பிரிக்க வரச் சொன்னாள். அப்போது கொஞ்சம் பேசலாம், நேரம் வைத்துக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னாள்.

திரும்பும்போது சமையல்கார அம்மா பேசவே இல்லை. சிக்னலில் நின்றாள், எடுத்தாள், பஸ்ஸுக்கு ஒதுங்கினாள், ரவுண்டானாவைச் சுற்றினாள். வண்டி ஓரிடத்திலும் அணையவில்லை. பயப்பட மறந்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் இறங்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக ஓரம் கட்டி நிறுத்தினாள். இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"எங்க அப்பாவும் கடைசில இப்படித்தான் சார் இருந்தாரு. நாங்க யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். இன்றைக்கு நன்றாக ஓட்டினீர்கள் என்றார்.

சாயங்காலம் அக்கா கிளம்பிப் போன பிறகு, மனைவிக்குச் சாப்பாடு ஊட்டினார். கட்டுப் போட்ட கையால் தட்டைப் பிடித்திருந்தார். அவள் பாதியில் மெல்லுவதை நிறுத்திவிட்டு அந்தக் கட்டையே பார்த்தாள். கொஞ்ச நாளாக வாயிலிருந்து முழு வாக்கியமே வராமலிருந்தவள், "என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"அடிபட்டுடுச்சு."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன்."

"ம்" என்றாள். கட்டின் மேல் ஒரு விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்க மறந்துவிட்டு, மறுபடி மெல்ல ஆரம்பித்தாள். அவர் தட்டை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவளைப் படுக்கவைத்துவிட்டு மைத்துனனைக் கூப்பிட்டார். அவனிடமிருந்து மறைப்பதற்காகத்தான் காலையில் அத்தனை சுற்றும் சுற்றினார். இப்போது அவரே சொன்னார். டாக்டரம்மாவிடம் சொன்ன அதே வார்த்தைகள்தான். இரண்டாம் முறை சொல்வது அவ்வளவு சிரமமாக இல்லை. தோட்டத்தோடு கூடிய அந்த இல்லத்தின் பெயர் வரப்போகிறது என்று காத்திருந்தார்.

"என்னையும் கடிச்சிருக்கா அத்தான்" என்றான் மைத்துனன். "சின்ன வயசுல. அவ பென்சில் டப்பாவை எடுத்துட்டேன்னு. விடவே மாட்டா. அம்மா வந்து மூக்கைப் பிடிச்சு விடவச்சாங்க."

"எங்க கடிச்சா?"

"முழங்கைல. தழும்பு இன்னும் இருக்கு." அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு நடுவில் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, அவன் அழுது முடிக்கும்வரை இருந்தார். அவருக்குப் பொறாமையாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அவன் இல்லத்தைப் பற்றி அன்று பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வந்து அவளோடு இருக்கிறேன், நீங்கள் எங்கேயாவது போய்விட்டு வாருங்கள் என்றான். எங்கே போவது என்றார் இவர். எங்கேயாவது அத்தான் என்றான்.

இல்லத்துக்கு அவள் போனது அடுத்த வருடம். அதற்குக் காரணம் இந்தக் கடி இல்லை. சாப்பாடு தொண்டையில் இறங்காமல் போயிற்று, வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியவில்லை. தோட்டம் நிஜமாகவே இருந்தது. சமையல்கார அம்மா பரீட்சையில் முதல் முறை ரிவர்ஸில் கோட்டைவிட்டு, இரண்டாம் முறை தேறினாள்.

கடிபட்ட வாரத்து அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் சொன்னபடியே வந்தான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, தெருவில் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, காரில் ஏறி இருக்கையைச் சாய்த்துப் படுத்தார். கை விண்விண்ணென்று தெறித்தது. கட்டு போட்ட நாளிலிருந்தே வலித்திருக்க வேண்டும், அன்றுதான் அது அவருக்குத் தெரிந்தது. அதைத் தூக்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, வலியைக் கவனித்தபடியே தூங்கிப்போனார். மைத்துனன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டும்போது வெயில் சாய்ந்திருந்தது.